கிளாட் தேர்வு: பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தேடினால் லேட்! சட்டம் படிக்க எப்போது, எப்படித் தயாராவது?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் 'வக்கீலாகணும், என்ன பரீட்சை எழுதணும்?' என்று தேட ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். பொறியியல் கலந்தாய்வு மாதிரி இதற்கும் அப்போதுதான் சீசன் என்று ஒரு நினைப்பு. ஆனால், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான கிளாட் தேர்வு அதற்கு ஐந்து மாதம் முன்பே, டிசம்பரிலேயே முடிந்துவிடும். 2026 சேர்க்கைக்கான தேர்வு 2025 டிசம்பர் 7-ஆம் தேதி நடந்தது. அதற்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது ஆகஸ்ட் 1-ஆம் தேதி. அதாவது காலாண்டுத் தேர்வு சமயத்திலேயே முடிவெடுத்தாகணும்.

பெருநகரப் பள்ளிகளில் இதைச் சொல்ல ஆள் இருக்கிறது. காரைக்குடி பக்கம் நேமத்தான்பட்டி மாதிரி ஊரில் படிக்கும் பிள்ளைக்கு யார் சொல்வது?

என்ன தேர்வு இது?

நாட்டில் உள்ள 20-க்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு. 2008-இல் தொடங்கியது. நம் மாநிலத்தில் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதுதான் வாசல். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஏஐஎல்இடி என்ற தனித் தேர்வு நடத்திவருகிறது.

பிளஸ் டூ-வில் 45 சதவீத மதிப்பெண் போதும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 40. எந்த குரூப் படித்திருந்தாலும் சரி. வயது வரம்பு கிடையாது. விண்ணப்பக் கட்டணம்தான் கொஞ்சம் கடிக்கும்: பொதுப் பிரிவு, ஓபிசி மாணவர்களுக்கு 4,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 3,500.

கேள்விகள் 120, நேரம் 120 நிமிடம். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கணிதம் என ஐந்து பகுதி. பார்க்க எளிதாகத் தெரியும். சிக்கல் எங்கே என்றால், எல்லாமே 'பேசேஜ்' எனப்படும் பத்திகளைப் படித்துப் பதில் சொல்வது. ஒரு பத்தி சுமார் 450 சொற்கள். 20 பத்தி என்று வைத்தாலே 9,000 சொற்கள். படிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால், விடை யோசிக்க ஒரு கேள்விக்கு அரை நிமிடம்தான் மிச்சம். உண்மையில் இது சட்டப் பரீட்சை இல்லை; வேகமாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பரீட்சை.

சட்டமே தெரியாமல் சட்டக் கேள்விக்கு விடை சொல்ல முடியுமா?

முடியும். விதி பத்தியிலேயே இருக்கும். உதாரணத்துக்கு, 'தனக்கு உரிமை இல்லாத பொருளை விற்பவரிடம் வாங்கியவருக்கும் அதில் உரிமை வராது' என்று பத்தி சொல்கிறது என வைத்துக்கொள்வோம். கேள்வி இப்படி வரும்: செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி, வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்குத் தெரியாமல், செதுக்கு வேலைப்பாடுள்ள தேக்குக் கதவை காரைக்குடி பழம்பொருள் கடைக்கு விற்றுவிடுகிறார். விஷயம் தெரியாத கடைக்காரர் முழு விலை கொடுத்திருக்கிறார். கதவு யாருக்கு?

'காசு கொடுத்தவர் பாவம்' என்று மனசு சொல்லும். அந்த இடத்தில்தான் மார்க் போகும். பத்தியின் விதிப்படி கதவு உரிமையாளருக்கே. அடுத்த கேள்வியில் ஒரே ஒரு வரி மாறும்: 'விற்றுக்கொள்' என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது விடை தலைகீழ். நம் நியாயத்தை ஓரமாக வைத்துவிட்டு, கொடுத்த விதியை மட்டும் பொருத்திப் பார்ப்பது பழக்கத்தில்தான் வரும்.

தமிழ் மீடியம் பிள்ளைகள் என்ன செய்வது?

நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஜேஇஇ மெயினையும் எழுதலாம். கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான். மாநில மொழிகளிலும் நடத்தக் கோரி 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. இந்திய பார் கவுன்சிலும் அதை ஆதரித்தது. ஆனாலும் 2025 டிசம்பர் தேர்வு ஆங்கிலத்தில்தான் நடந்தது. இது நியாயமா என்ற கேள்வி இருக்கட்டும். எழுதப் போகிற பிள்ளைக்கு வழி வேண்டுமே.

பிளஸ் ஒன்னிலேயே தொடங்குங்கள். காலையில் தமிழ் நாளிதழில் ஒரு தேசியச் செய்தியைப் படியுங்கள், பிறகு அதே செய்தியை ஆங்கில நாளிதழில் படியுங்கள். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லும் பிடிபடும்; நடப்பு நிகழ்வுகளும் சேர்ந்தே முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்துத் தலையங்கங்களுக்குப் போகலாம், கடிகாரம் வைத்து. கணிதப் பகுதி சதவீதம், விகிதம், சராசரி என்று பத்தாம் வகுப்பு அளவுதான். 10 முதல் 14 கேள்வி வரும். ஆங்கிலம் தடுமாறினாலும் இங்கே மார்க் விடாதீர்கள்.

தவறான விடைக்குக் கால் மார்க் குறையும். அதற்குப் பயந்து நிறைய விடுபவர்கள் உண்டு. நான்கு விடையில் இரண்டு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பதே லாபம்.

கோச்சிங் கட்டாயமில்லை. மாதிரித் தாள்களும் பழைய வினாத்தாள்களும் தேர்வை நடத்தும் கூட்டமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வசதியில்லாத மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்க பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் தொடங்கிய 'ஐடியா' அமைப்பையும் அணுகலாம்.

கிளாட் கிடைக்கவில்லை என்றால்?

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வே இல்லை, பிளஸ் டூ மார்க்தான். 2022-இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது. 2021 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் லட்சங்களில் போகும். அரசுக் கல்லூரியில் அந்தக் கவலை இல்லை. எதில் படித்தாலும் பார் கவுன்சிலில் பதிவு செய்து கறுப்பு அங்கி போடலாம். அதனால் கிளாட்டுக்காக பிளஸ் டூ பாடத்தைக் கைவிடுவது, எங்கள் பார்வையில், பெரிய தவறு. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

தேர்வு எழுதி முடித்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் உங்கள் விடைகளோடு ஒப்பிட்டு, தவறு தெரிந்தால் கெடுவுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். 2024 டிசம்பரில் நடந்த தேர்வில் இரண்டு விடைகள் தவறு என்று தேர்வு எழுதிய ஒரு மாணவர் தொடுத்த வழக்கில்தான் டெல்லி உயர் நீதிமன்றம் கண்டறிந்தது. பிறகு மேல்முறையீடுகள், உச்ச நீதிமன்றம் என்று அடுத்த ஆண்டு மே மாதம் வரை விவகாரம் இழுத்தது.