தகட்டில் பெயர் அடிக்கும் கைத்தொழில்: தாய்மார்களே, சற்றுக் கவனியுங்கள்!

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வட்டத் தகடு. அதில் ஒரு பிள்ளையின் பெயர் எழுத்தெழுத்தாக அழுந்தி நிற்கிறது. சங்கிலியில் கோத்தால் பதக்கம். வளையத்தில் மாட்டினால் சாவிக்கொத்து. பேரங்காடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும்போது ஏதோ பெரிய யந்திரத்தில் செய்த சாமான் போலத் தெரியும். யந்திரமுமில்லை, மந்திரமுமில்லை. ஒரு சுத்தியல், ஓர் இரும்புக் கட்டை, எழுத்து அச்சுகள் ஒரு பெட்டி, இவ்வளவுதான் முதல். லயத்து வீட்டு வாசலிலோ அடுக்குமாடி வீட்டுச் சமையலறையிலோ உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. ஆகவேதான் இந்த வாரம் நமது பகுதியில் இதைப்பற்றி எழுதுகிறோம்.

நம் ஆட்களுக்கு இது முற்றிலும் புதுசல்ல. கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடத்தையும் எவர்சில்வர் தூக்கையும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கொடுத்தவர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் ஒருவர் குந்தியிருந்து, சிற்றுளியைத் தட்டித் தட்டி நகர்த்தி வெட்டிய பெயர் அது. பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இரவல் போன குடம் சண்டையில்லாமல் வீடு திரும்புவதற்கு அந்தப் பெயர்தானே சாட்சி! மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ் என்றொரு தெரு இருக்கிறது; தமிழில் சொன்னால் பத்தர் தெரு. அதையொட்டி ஜாலான் துக்காங் பெசி, அதாவது கொல்லர் தெரு. பொன்னும் இரும்பும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஊர். பெயர் அடிக்கும் வேலைக்கும் அப்படித்தான், பத்தருடைய பொறுமையும் வேண்டும், கொல்லருடைய கைவீச்சும் வேண்டும்.

எழுத்து அச்சு என்பது விரல் நீள எஃகுத் துண்டு. அதன் நுனியில் ஓர் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறிச் செதுக்கப்பட்டிருக்கும். தகட்டின் மேல் நிறுத்தி ஓங்கி ஒரு அடி அடித்தால் எழுத்து நேராகப் பதியும். புத்தகம் அச்சடிக்கும் கலையே இந்த வித்தையிலிருந்து பிறந்ததுதான். எஃகில் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் ஈயக் கலவையை ஊற்றித்தான் அச்செழுத்துகளை வார்த்தார்கள். 1578இல் கொல்லத்தில் தமிழ் அச்சில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலுக்கும் இப்படி எழுத்து வார்க்க வேண்டியிருந்தது.

சரி, சாமான்களுக்கு வருவோம். ஆங்கில எழுத்து அச்சுப் பெட்டி இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும். பெரும்பாலும் 27 துண்டுகள் இருக்கும். 26 எழுத்தும், ‘அண்ட்’ குறியும். எண் பெட்டியை வாங்கினால் எண்ணிப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணு குறையுதே, தவுக்கே ஏமாத்திட்டான்’ என்று கடைக்கு ஓடாதீர்கள்! அதில் 9 துண்டுகள்தான் வரும். ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது. எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டர் இருந்தால் பழகுவதற்கு நல்லது. தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். அதைவிட மெல்லிசானால் அடிக்கு வளைந்துவிடும்.

எந்த உலோகம் என்பது அடுத்த கேள்வி. பழகுவதற்கு அலுமினியம்தான். மெத்தென்றிருக்கும், விலையும் குறைவு, வேர்வை பட்டாலும் கழுத்தைப் பச்சையாக்காது. செம்பும் பித்தளையும் பார்வைக்கு அழகு. ஆனால் நம் வெயிலில் வேலை செய்கிறவர்கள் போட்டால் தோலில் பச்சை படியும், அதை முன்கூட்டியே சொல்லி விற்க வேண்டும். செம்பு கடினமாக இருந்தால் மங்கிய சிவப்பு வரும்வரை நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிக் கொடுக்கும். எவர்சில்வரை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். அது கெட்டி. மலிவான அச்சுகளின் நுனி மழுங்கிப் போகும், கையும் வலிக்கும்.

இனி அடிக்கும் முறை. இரும்புக் கட்டையைக் கனமான மரக்கட்டையின் மேல் வைத்து, அடியில் மடித்த சாக்கைப் போடுங்கள். ஆடுகிற மேசையில் வைத்தால் பாதி அடியை மேசை வாங்கிக்கொள்ளும். தகட்டைக் காகித ஒட்டுநாடாவால் கட்டையோடு சேர்த்து ஒட்டி, நாடாவின் ஓரத்தையே கோடாக வைத்துக்கொண்டு எழுத்துகளை வரிசையாக நிறுத்துங்கள். பெயரை முதலில் காகிதத்தில் எழுதி எழுத்துகளை எண்ண வேண்டும். நடு எழுத்தை நடுவில் அடித்துவிட்டு, பிறகு இடமும் வலமுமாகப் போவதுதான் தொழில் தெரிந்தவர்கள் வழக்கம். முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தால் கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் போய், பிள்ளையின் பெயர் தகட்டுக்கு வெளியே தொங்கும்.

அடி ஒன்றுதான். அச்சை நேராக, தகட்டோடு ஒட்டிப் பிடித்து, ஒரே அடி. சரியாக விழவில்லையோ என்று சந்தேகப்பட்டு இன்னொரு தட்டுத் தட்டினால் அச்சு மயிரிழை நகர்ந்து எழுத்துக்கு இரட்டை நிழல் விழுந்துவிடும். ‘ஐ’ போன்ற ஒல்லி எழுத்துக்கு அடி சற்று லேசாக, ‘எம்’, ‘டபிள்யூ’ போன்ற அகல எழுத்துக்குச் சற்று பலமாக இருக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அலுமினியத் துண்டுகளில் நூறு எழுத்தாவது அடித்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். பால்மரத்தில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று கை கற்றுக்கொண்டது போலத்தான்.

அடித்து முடித்த தகடு சற்று வளைந்திருந்தால் கவிழ்த்து வைத்து மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். எழுத்துப் பள்ளத்தில் கறுப்பு மார்க்கர் மையைத் தடவி, மேலே துடைத்துவிட்டால் எழுத்து பளிச்சென்று தெரியும். வெள்ளித் தகடானால் இன்னொரு சமையலறை வித்தை இருக்கிறது. அவித்த முட்டை மஞ்சளை நசுக்கி, தகட்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைத்தால், முட்டையிலுள்ள கந்தக ஆவி பட்டு வெள்ளி கறுத்துவிடும். பிறகு பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நாரால் மேற்பரப்பைத் தேய்த்தால் எழுத்துக்குள் மட்டும் கறுப்பு நிற்கும். அலுமினியத்துக்கு இந்த முட்டை வேலை பலிக்காது, மார்க்கர்தான்.

மேலே சொன்னதெல்லாம் கைவேலை. கண்ணும் கருத்தும் வேண்டிய இடம் பெயரின் எழுத்துக்கூட்டுதான். பென்சிலால் எழுதியதை அழிக்கலாம், தட்டச்சில் அடித்ததைத் திருத்தலாம். தகட்டில் அடித்த எழுத்து போகாது. நம் பெயர்கள் ஆங்கிலத்தில் பட்ட பாடு நமக்குத் தெரியாததா? தாத்தா சொன்ன பெயரைத் தோட்டத்துக் கிராணி தன் காதுக்கு எட்டியபடி எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். அப்பனுக்கு ஓர் எழுத்துக்கூட்டு, மகனுக்கு ஓர் எழுத்துக்கூட்டு என்று ஆகிவிட்டது. லட்சுமி என்ற ஒரே பெயர் ஒரு வீட்டில் ‘எல், ஏ, கே, எஸ், எச், எம், ஐ’. அடுத்த வீட்டில் ‘எல், இ, டி, சி, எச், யூ, எம், ஒய்’. தப்பு எது, சரி எது என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அடையாளக் கார்டில் உள்ளதையே விரும்புவோர் உண்டு, அதை மாற்றி அழகாக எழுதச் சொல்வோரும் உண்டு. ஆகவே வாய்வழி சொன்ன பெயரை அடிக்கவே கூடாது. கேட்பவரையே தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களானால் கார்டைப் பார்த்து எழுதி, பேரப்பிள்ளைகளை விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கிள்ளான் வட்டாரத்தில் தாம் பிறந்த தோட்டம் கைமாறியதும் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த ஓர் அம்மையாரை நாம் சந்தித்தோம். பேரப்பிள்ளைகளின் பள்ளிப் பைகளுக்காகத்தான் இந்த வேலையைத் தொடங்கினாராம். “எல்லாரும் புள்ளைங்க பேருதான் கேப்பாங்கன்னு நெனச்சேன். எங்க லயத்துல இருந்த ஒரு பாட்டி வந்து, ‘தோட்டத்துப் பேரையும் நம்ம லயத்து நம்பரையும் அடிச்சுக் குடு தாயி’ன்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தத் தோட்டத்துப் பேரு மட்டுமே நெறைய அடிச்சிட்டேன்” என்றார். அந்த இடத்தில் இப்போது லயமும் இல்லை, ஆயாக்கொட்டகையும் இல்லை. பெயர்ப் பலகையும் போய்விட்டது. பத்து மில்லிமீட்டர் அகலத் தகட்டில்தான் தோட்டம் இருக்கிறது. பாட்டியிடம் காசு வாங்கவில்லையாம்.

‘தமிழிலே அடிக்க முடியாதா?’ என்று கேட்பீர்கள். நாமும் அதைத்தான் கேட்டோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிர் 12, அகர மெய் 18, ஆய்தம், துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, மேல் விலங்கு இரண்டு, புள்ளி. உகர ஊகார வடிவங்கள் மட்டும் 36. எழுபதைத் தாண்டுகிறது. ராஜாவும் உஷாவும் வந்தால் ஜ, ஷ வேறு வேண்டும். 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, லை, னை முதலியவற்றின் பழைய தனி வடிவங்கள் போனதால் இவ்வளவோடு நின்றது. இருந்தாலும் 26க்குப் பக்கத்தில் வைத்தால் மலை. அதனால் பெட்டி தேடி அலையாமல், பாத்திரக்காரர் வழிக்கே திரும்பிவிடலாம். கூர்நுனி உளி ஒன்று போதும். பெயரை மெல்லிய தாளில் எழுதி, தகட்டில் ஒட்டி, கோட்டின் மேலேயே புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டு போங்கள். தாளை உரித்தால் பெயர் தமிழில் நிற்கும். அச்செழுத்தைவிட இது அழகு என்பது நம் கட்சி. உங்கள் கையெழுத்தே அல்லவா அதில் இருக்கிறது!

காசு விஷயம். (நாம் ரிங்கிட்டையும் வெள்ளி என்கிறோம், தகட்டு வெள்ளியையும் வெள்ளி என்கிறோம், குழப்பம் வேண்டாமென்று இங்கே ரிங்கிட் என்றே எழுதுகிறோம்.) நம் பெண்கள் கைவேலைக்கு விலை சொல்லும்போது சாமான் விலையோடு ஒரு ரிங்கிட் சேர்த்துச் சொல்லிவிட்டு, ‘சும்மா உட்கார்ந்திருக்கிற நேரந்தானே’ என்பார்கள். அது என்ன பேச்சு? 2025 பிப்ரவரி முதல் நாளிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக் கணக்கில் 8 ரிங்கிட் 72 காசு. ஒரு பதக்கத்துக்கு 20 நிமிடம் பிடித்தால் உங்கள் கைக்கூலி மட்டும் ஏறக்குறைய 2 ரிங்கிட் 90 காசு. அதற்குமேல் தகடு, வளையம், வீணான தகடு, பசார் மாலாம் வாடகை எல்லாம் சேர்த்துத்தான் விலை. அதற்குக் குறைத்து விற்றால் உங்கள் உழைப்பை நீங்களே இனாமாகக் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

தொடர்ந்து விற்பதானால் தொடங்கிய 30 நாளுக்குள் வணிகப் பதிவகத்தில் பதிய வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. இந்தத் தொழிலைத் தொடங்கக் கடன் வாங்காதீர்கள். ஒரு பெட்டி அச்சு வாங்க முடியாவிட்டால் மூன்று வீடு சேர்ந்து வாங்குங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். 916 என்ற முத்திரை ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட் என்று பொருள். 925 என்பது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. கையில் எண் அச்சு இருக்கிறதே என்று பித்தளையில் இவற்றை அடித்துவிட்டால், அது விளையாட்டல்ல, வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். தங்க நகையில் பெயர் வேண்டுவோரைப் பத்தரிடமே அனுப்பிவிடுங்கள்.

கைக்குழந்தைகளின் கழுத்திலோ அரைஞாணிலோ இந்தப் பதக்கத்தைக் கட்ட வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுவிடும். முலாம் பூசிய மலிவுத் தகட்டில் நிக்கல் இருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும். தகடு வெட்டிய ஓரங்களை அரத்தால் ராவி வழவழப்பாக்குங்கள். அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை எட்ட உட்கார வையுங்கள்.

இன்னொன்று, லயத்துச் சுவர் எல்லாருக்கும் பொது. விடிகாலையில் எழுந்து வெட்டுக்குப் போய்வந்தவர்கள் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் சுத்தியலைத் தூக்காதீர்கள். நாலு மணிக்குமேல் அடியுங்கள். வேலை முடிந்ததும் அச்சுகளின் நுனியில் தையல் மிஷின் எண்ணெயை ஒரு சொட்டுத் தடவி, மூடி உள்ள டின்னில் போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அப்படியே விட்டால் ஒரே மாதத்தில் துரு ஏறிவிடும்.