மெஷின் சரி, மாஸ்க்தான் சிக்கல்

"அவர் மெஷின் போட்டுத்தான் படுக்கிறவர்" என்று மொன்றியலில் ஓர் அக்கா சொன்னால், பார்க் எக்ஸ்டென்ஷனிலோ கோட்-டே-நேஜிலோ இருக்கும் தமிழர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கான சிபாப் கருவி அது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் ஒரு மாஸ்க். பெட்டியைக் குறை சொல்பவர்கள் அபூர்வம். புலம்பலெல்லாம் மாஸ்க்கைப் பற்றித்தான். மூக்குத் தண்டு புண்ணாகிறது, கண்ணுக்குள் காற்றடிக்கிறது, புரண்டு படுத்தால் 'புஸ்' என்று சத்தம் கேட்டுப் பக்கத்தில் படுத்திருப்பவரும் விழித்துக்கொள்கிறார். கொஞ்ச நாள் மல்லுக்கட்டிவிட்டு மொத்தத்தையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டியவர்கள் ஏராளம்.

நோயின் கதை சுருக்கமானது. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் மேலண்ணமும் பின்னால் சரிந்து காற்று போகும் வழியை அடைக்கின்றன. மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. பிறகு மறுபடியும் அடைப்பு. மூச்சு முழுதாக நிற்பதும் பாதியாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 30 தடவையைத் தொட்டால் தீவிர நிலை என்று கணக்கு. காலையில் நோயாளிக்கு எதுவும் நினைவிருக்காது. குறட்டையை அசந்த தூக்கத்தின் அடையாளமாகவே நம் வீடுகளில் பார்த்துப் பழகிவிட்டோம். இந்தியாவில் வேலை செய்யும் வயதினரில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் மதிப்பிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பாடகர் பப்பி லஹிரி மறைந்தபோது இந்த நோயின் பெயர் செய்திகளில் அடிபட்டது.

இந்த நோயை மருத்துவ உலகம் புரிந்துகொண்ட வரலாற்றில் மொன்றியலுக்கும் ஓர் இடம் உண்டு. உடல் பருத்தவர்கள் பகலெல்லாம் தூங்கி வழிவதைப் பலகாலம் உடல் எடையோடு சேர்த்தே பார்த்தார்கள். 1974-இல் மெயர் கிரைகர், பியர் குளூர் உள்ளிட்ட மொன்றியல் மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியிட்ட கட்டுரை வேறொன்றைச் சொன்னது: இரவில் தொண்டை திரும்பத் திரும்ப அடைபடுகிறது, இவர்கள் உண்மையில் தூக்கம் பறிபோனவர்கள். நோய் பிடிபட்டது. மருந்துதான் இல்லை. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது மட்டுமே அன்று உறுதியான வழி.

மாற்று வழிக்கான விதையும் கனடாவில்தான் விழுந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 70-களின் பிற்பகுதியில் டொராண்டோவில் எலியட் பிலிப்சனிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார். தூங்கும் நாய்களின் சுவாசத்தை அளக்க அவற்றின் மூஞ்சிக்கு ஏற்ற கண்ணாடி இழை மாஸ்க்குகளை உருவாக்கியிருந்தார். சிட்னி திரும்பிய பிறகு, 1980 ஜூனில், கழுத்தில் துளையிட விரும்பாத ஒரு நோயாளிக்கு மூக்கு வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்திப் பார்த்தார். தொண்டை திறந்தே நின்றது. அந்த மனிதர் இரவு முழுக்கத் தூங்கினார். 1981-இல் ஐந்து நோயாளிகளின் விவரம் 'லான்செட்' இதழில் வந்தது.

ஆனால் அன்றைய மாஸ்க்கை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவர் மூக்குக்கும் தனித்தனியே அச்செடுத்துச் செய்த கூடு. தினமும் இரவில் சிலிகான் பசை தடவி முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும், காலையில் பிய்த்தெடுக்க வேண்டும். அதையும் பொறுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள் என்றால், நல்ல தூக்கம் அவர்களுக்கு எவ்வளவு பெரிய வரமாக இருந்திருக்கும்!

காற்றின் சிக்கல் அன்றே தீர்ந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முழுதாகத் தீராதது முகத்தின் சிக்கல் என்பது என் கணிப்பு. அதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். சிபாப் அழுத்தத்தை சென்டிமீட்டர் நீர் என்ற அளவில் சொல்வார்கள். வழக்கமான வரம்பு 4 முதல் 20 வரை. 10 என்று வைத்தால், மாஸ்க் மூடும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 10 கிராம் எடைக்குச் சமமான விசை மாஸ்க்கை முகத்திலிருந்து வெளியே தள்ளும். வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க் 60 சதுர சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 600 கிராம். இரவு முழுக்க அதைத் தலையைச் சுற்றிய பட்டைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

தோல் எவ்வளவு தாங்கும்? தோலின் நுண்குழாய்களில் ரத்த அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்பது மருத்துவத்தில் பழைய கணக்கு. நம் 10 சென்டிமீட்டர் நீர், பாதரசக் கணக்கில் 7-ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். காகிதத்தில் பார்த்தால் தாராளமான இடைவெளி. முகம் காகிதம் போல் தட்டையாக இல்லையே! கன்னத்தில் சதை, மூக்குத் தண்டில் எலும்பின்மேல் மெல்லிய தோல். பட்டையை இறுக்கினால் விசையெல்லாம் எலும்பில் போய்க் குவியும். அந்த இடம் சிவக்கும், பிறகு புண்ணாகும். இன்னொரு வேடிக்கை, அதிகம் இறுக்கினால் சிலிகான் விளிம்பு மடிந்து காற்றுக் கசிவு கூடும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள்.

இந்தச் சுழலை உடைத்த யோசனை, மாஸ்க்கின் விளிம்பில் மிக மெல்லிய உள்மடல் ஒன்றை வைப்பது. உள்ளே வரும் காற்றே அந்த மடலை உப்பவைத்து முகத்தோடு சேர்த்து அழுத்தும். பட்டை மாஸ்க்கை அதன் இடத்தில் நிறுத்தினால் போதும். அடைக்கும் வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். சல்லிவனின் கண்டுபிடிப்பை ஒட்டி 1989-இல் தொடங்கிய நிறுவனம், இன்றைய ரெஸ்மெட், 90-களில் இந்த வழியில்தான் வளர்ந்தது. அதன் பிறகு நெற்றியில் ஊன்றும் தாங்கி வந்தது. அதன் கோணத்தை மாற்றி மூக்குத் தண்டின் சுமையைக் குறைக்கலாம். பிறகு அந்தத் தாங்கியே வேண்டாம் என்று, மூக்குக்குக் கீழே மட்டும் அமரும் வகைகள் வந்தன. குழாயை உச்சந்தலைக்கு ஏற்றியது புரண்டு படுப்பவர்களுக்குப் பெரிய உபகாரம்.

வாய் திறந்து தூங்குகிறவர் என்றதும் முழு மாஸ்க்கைத் தலையில் கட்டிவிடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மாஸ்க்கின் பட்டைகள் தாடையைப் பின்னால் தள்ளக்கூடும். அப்படித் தள்ளினால் தொண்டை மேலும் குறுகும், அழுத்தத்தைக் கூட்ட வேண்டி வரும், கசிவும் கூடும். மூக்கடைப்பைச் சரிசெய்தாலே பலருக்குச் சின்ன மாஸ்க் போதுமானதாக இருக்கும்.

எஸ், எம், எல் என்ற மூன்று அளவுக்குள் உலகத்து முகங்களை அடைப்பது நடக்கிற காரியமா? நம்மவர்களின் பாடு தனி. மீசைக்கு மேல் விளிம்பு உட்காராது. மூக்குத் துளையில் பொருந்தும் வகை மீசைக்காரர்களுக்குத் தேவலை. மூக்குத்தி சிலிகானில் சிக்கும். எண்ணெய் வைத்த தலையில் பட்டை வழுக்கும், எண்ணெய்ப் பசையுள்ள முகத்தில் சிலிகான் சீக்கிரம் தளரும். கொண்டை போட்டுத் தூங்கும் பெண்களுக்குப் பின்மண்டைப் பட்டை எங்கே நிற்கும்? ஊரில் மின்வெட்டு வேறு. நல்லவேளையாக, முழு மாஸ்க்குகளில் காற்று நின்றதும் தானே திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறது. மொன்றியல் குளிரில் வேறு தொல்லை: ஹீட்டர் காற்றில் மூக்கு வறள்கிறதே என்று ஈரப்பதக் கலத்தைப் போட்டால், குளிர்ந்த அறையில் குழாய்க்குள் நீர் கோத்து முகத்தில் சொட்டும். சூடேறும் குழாய் வாங்குவது அதற்காகத்தான்.

வசதிக்காகச் செய்தது வினையான கதையும் உண்டு. மூட்டுவலிக்காரர்களும் எளிதில் கழற்றட்டும் என்று பட்டைக் கொக்கிகளில் காந்தம் வைத்தார்கள். 2022-இல் பிலிப்ஸ் நிறுவனம் அந்தக் காந்தங்கள் பேஸ்மேக்கர் போன்ற உடலுக்குள் பொருத்திய கருவிகளைப் பாதிக்கலாம் என்று எச்சரிக்க நேர்ந்தது.

இத்தனை தொல்லைகளோடு எத்தனை பேர் மாஸ்க்கைத் தொடர்ந்து போடுகிறார்கள்? 1993-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயாளிகளுக்குத் தெரியாமல் கருவிக்குள் ஒரு கணக்குப்பொறியை வைத்துப் பார்த்தார்கள். இரவுக்கு 4 மணி நேரம் வீதம் பெரும்பாலான நாட்கள் போட்டவர்கள் பாதிக்கும் குறைவு. மற்றவர்களுக்கு 'ஒத்துழைக்காதவர்' என்று முத்திரை குத்துவது எளிது. பொருந்தாத செருப்பைக் கொடுத்துவிட்டு நடக்கவில்லை என்று திட்டுவது போல எனக்குப் படுகிறது. காசும் சேர்ந்துகொள்கிறது. ஒன்ராறியோ மாகாண அரசு கருவிக்குத் தான் நிர்ணயித்த விலையில் 75 சதவீதம் தருகிறது. கியூபெக்கின் அரசுக் காப்பீடு பொதுவாக சிபாப் செலவை ஏற்பதில்லை. வேலையிடத்துக் காப்பீடு இல்லாதவர் இரண்டாவது மாஸ்க்கை முயன்று பார்க்கத் தயங்குவார்.

கியூபெக்கில் மாஸ்க் பொருத்திவிடும் சுவாச நிபுணர்களை 'இன்ஹலோதெரப்பூட்' என்பார்கள். அவர்களிடம் போகும்போது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். படுத்தால் கன்னத்துச் சதை சரியும், முகத்தின் வடிவமே மாறும். கருவியை உங்கள் இரவு நேர அழுத்தத்தில் ஓடவிட்டு, படுத்துக்கொண்டு, கசியத் தொடங்கும்வரை பட்டைகளைத் தளர்த்தி, பிறகு கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒருதரம் புரண்டு பார்க்க வேண்டும். ஆகவே மாஸ்க் வாங்கப் போகும் இடத்தில் விலை கேட்பதற்கு முன் அங்கே கட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்.