சாப்பாடு தள்ளிப்போகிறவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும், வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கும் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று நிலையாகக் கிடையாது. லாரி லோடு ஏறி முடிந்த பிறகுதான் இட்லி. மருத்துவர் சீட்டிலோ ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’ என்று இருக்கும். மாத்திரை நேரத்துக்கு உள்ளே போய்விடும், இட்லி வராது. ஆபத்து அங்கேதான்.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் பலர் தாங்கள் விழுங்கும் மாத்திரையின் பெயரே தெரியாமல் இருக்கிறார்கள்.

இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரைகள்

கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். வயதானவர் என்றால் குடித்தவர்போல் தள்ளாடுவார். பார்ப்பவர்களும் அப்படியே நினைத்து விட்டுவிடக்கூடும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுத்து, தெளிந்ததும் சாப்பிடவைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108-ஐ அழையுங்கள்.

கிளிபென்கிளமைடு 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றதல்ல என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையைத் திருப்பி ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

மற்றவை

1957 முதல் புழக்கத்தில் இருக்கும் மெட்ஃபார்மின் வேறு ரகம். கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டுவதைக் குறைக்கிறது. தனியாக எடுத்தால் சர்க்கரை தாழ்வது அரிது. வயிற்றைப் புரட்டும் என்பதால் சாப்பாட்டோடு போட வேண்டும். பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 சத்து குறைந்து கால் மரத்துப்போகலாம். சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும்.

டபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். காட்டு வேலை செய்கிறவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வாந்தி, பேதி வந்தால் அதைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

பாதயாத்திரையும் நோன்பும்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வழியில் கிடைத்ததைச் சாப்பிட்டு நடக்கிறார்கள். நடையே சர்க்கரையை இறக்கும். மாத்திரையும் சேர்ந்தால் மயங்கி விழ நேரலாம். புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். மடியில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். பேகம்பூரில் ரமலான் நோன்பு வைப்பவர்களும் மாதம் பிறக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் தவறுதான்.

ஒரே மருந்து இரண்டு பெயரில்

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. நல்ல திட்டம். ஆனால் அதையும் போட்டுக்கொண்டு, தனியார் மருத்துவர் எழுதியதையும் போட்டால், ஒரே மருந்து இரண்டு பங்கு உள்ளே போகக்கூடும். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்தே ஒரே மாத்திரையாக வருவதால் இது எளிதில் நடக்கும்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போங்கள். எந்த ஷிஃப்ட், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.