கருவுறுதலும் கண்ணாடிப் புழுவும்

மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் மகப்பேறு வாய்க்காத இல்லங்களில், குறை யாரிடம் என்னும் வினா எழுவதற்கு முன்னரே விடை கூறப்பட்டுவிடுகிறது. பழி பெண்ணின் தலைமீது விழுகிறது. நாம் ஊரை விட்டு மும்பைக்கோ தில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ குடிபெயர்ந்தாலும், இவ்வழக்கம் மட்டும் நம்மோடு கூடவே வந்து சேர்ந்துவிடுகிறது. இது எத்துணைப் பிழையானது என்பதை நமக்கு உணர்த்தவல்ல ஆசிரியர்களுள் ஒன்று, மண்ணில் வாழும் ஒரு சிறு புழு என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

கருவுறுதல் என்பது ஆணின் விந்தணுவும் பெண்ணின் முட்டையணுவும் ஒன்றாகக் கலந்து புதிய உயிராதல். மனித உடலில் இது கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிகழ்கிறது. மனிதரைக் கொண்டு விருப்பம்போல் சோதனை நடத்துவதும் அறமாகாது. ஆகவே அறிஞர்கள் எளிய உயிர்களை நாடினர். உடலெங்கும் முட்கள் நிறைந்த கடல் முள்ளெலி தன் முட்டைகளைக் கடல்நீரிலேயே விடுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஆஸ்கார் ஹெர்ட்விக், அம்முட்டைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றுசேர்வதே கருவுறுதல் என்பதை 1876ஆம் ஆண்டில் வெளியிட்டார். குழந்தையின் தோற்றத்தில் தாய்க்கும் தந்தைக்கும் பங்கு உண்டு என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று.

ஆயினும், அச்சேர்க்கையை நடத்தி வைக்கும் மரபணுக்கள் எவை என்பது கண்டதனால் மட்டும் விளங்குவதன்று. ஒரு கடிகாரத்தின் உறுப்புகளுள் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, எதை நீக்கினால் முள் நிற்கிறது என்று அறிவதைப்போல, மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பழுதாக்கிப் பார்த்தல் வேண்டும். அதற்கு விரைவில் பெருகுவதும், எளிதில் வளர்க்கத்தக்கதுமான ஓர் உயிர் தேவை. 1960களில் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சிட்னி பிரென்னர், உடல் வளர்ச்சியையும் நரம்பு மண்டலத்தையும் ஆராயும் பொருட்டுச் சினோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவைத் தேர்ந்தார். அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். உடலோ கண்ணாடி போன்றது. உள்ளே நிகழ்வன யாவும் வெளியே தெரியும். முட்டையிலிருந்து முதிர்ச்சியடைய ஏறத்தாழ மூன்றே நாட்கள் போதும். வளர்ப்புத் தட்டில் பரப்பிய பாக்டீரியாவே அதற்கு உணவு. பிற்காலத்தில் கருவுறுதலை ஆராய்ந்தோர்க்கும் இப்புழுவே கைகொடுத்தது.

இப்புழுக்களுள் பெரும்பாலானவை இருபாலுயிர்கள். ஒரே புழு முதலில் விந்தணுக்களை உண்டாக்கிச் சேமித்து வைத்துக்கொண்டு, பின்னர் முட்டைகளை உண்டாக்கித் தானே கருவுறச் செய்து, ஏறத்தாழ 300 குஞ்சுகளை ஈனுகிறது. ஆண் புழுக்கள் மிக அரிதாகவே பிறக்கின்றன. இவ்வமைப்பு ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றதாயிற்று. ஒரு மரபணு பழுதுற்ற புழு, கருவுறாத முட்டைகளையே இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறை முட்டையிலா, விந்தணுவிலா? அப்புழுவை நலமுள்ள ஓர் ஆண் புழுவுடன் சேர்த்தால் போதும். அதன்பின் குஞ்சுகள் பிறக்குமாயின், முட்டையில் குறையில்லை. விந்தணுவே குறையுடையது என்பது தெளிவு. மலட்டுப் புழுவின் மரபு அற்றுப்போகாமல் காக்கவும் இம்முறையே உதவுகிறது.

இவ்வழியில் கண்டறியப்பட்டவற்றுள் 'ஸ்பீ-9' என்னும் மரபணு குறிப்பிடத்தக்கது. அதைப் பற்றிய ஆய்வு 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மரபணு பழுதுற்ற புழுவின் விந்தணுக்கள் தோற்றத்தில் எவ்விதக் குறையும் அற்றவை. அவை நகர்கின்றன, முட்டையை அடைந்து தொடவும் தொடுகின்றன, ஆனால் உட்புகுவதில்லை. வீட்டு வாயில்வரை வந்தவன் திறவுகோலின்றித் திரும்புவதை இஃது ஒக்கும். எண்ணிக்கையும் வடிவும் வேகமும் செம்மையாக இருப்பினும், விந்தணு தன் கடமையில் தவறக்கூடும் என்பது இதனால் விளங்கிற்று.

புழுவுக்கு உண்மையானது பாலூட்டிக்கும் பொருந்துமோ? 2005ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் சுண்டெலியின் விந்தணுவில் 'இசுமோ' என்னும் புரதத்தைக் கண்டனர். 2014ஆம் ஆண்டில் அதனுடன் இணையும் 'ஜூனோ' என்னும் புரதம் முட்டையின் மேற்பரப்பில் காணப்பட்டது. புழுவில் முன்பே அறியப்பட்டிருந்த 'ஸ்பீ-42' என்னும் மரபணுவின் இனத்தைச் சேர்ந்த மரபணுக்கள் சுண்டெலியிலும் உள்ளன. அவற்றை நீக்கினால், விந்தணு முட்டையைப் பற்றியும் அதனுடன் கலவாமல் நிற்கிறது என்பது 2021ஆம் ஆண்டில் புலனாயிற்று. புழு காட்டிய தடத்தைப் பின்பற்றியே சுண்டெலியை ஆராய முடிந்தது.

இவ்வாராய்ச்சியின் பயன் மகப்பேற்றோடு நின்றுவிடவில்லை. பச்சைப் பாசியான கிளமிடோமோனாசில் பாலணுக்கள் கலப்பதற்குத் துணைபுரியும் 'ஹாப்-2' என்னும் புரதமே, மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் கருவுறுவதற்கும் இன்றியமையாதது என்று 2008ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அதைத் தடுக்க இயலுமாயின், நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும் வழியையே அடைக்கலாம். அத்தகைய தடுப்பு மருந்துக்கான முயற்சிகள் நடைபெற்று வருகின்றன.

புழு மனிதனாகாது என்பதையும் நாம் மறத்தல் கூடாது. அதன் விந்தணு வாலால் நீந்துவதில்லை, ஊர்ந்து செல்கிறது. புழுவில் கண்ட ஒவ்வொன்றையும் மனிதரிடத்தில் தனியே ஆராய்ந்த பின்னரே ஏற்றல் வேண்டும். மலட்டுத் தன்மைக்குரிய காரணங்களும் பலவாகும். உலகில் வயது வந்தோருள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இக்குறையை எதிர்கொள்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் தெரிவித்துள்ளது. அவ்வளவு பேருக்கும் ஒரே காரணம் இருத்தல் இயலாது.

எனினும் ஒன்று உறுதி. கருவுறுதல் இருவர் பங்கும் கூடி நிகழும் செயல்; தடையும் இருவரில் எவரிடத்தும் இருக்கலாம். ஆகவே மருத்துவரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுதல் வேண்டும். சோதனையும் இருவருக்கும் செய்யப்பெறல் வேண்டும். காரணம் தெரியாதவிடத்து, தெரியவில்லை என்று கூறுவதே அறிவுடைமை. பெண்ணின்மீது பழி சுமத்துதல் அறிவுமன்று, அறமுமன்று.