புரளும் ரப்பர் மீன்

சத்தியவேட்டு ஏரிக்கரையில் மூங்கிற்கழியும் மண்புழுவுமாகப் பொழுது போக்கியவர்களின் மக்கள், இன்று ஆஸ்திரேலியாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ரப்பர் மீனை வீசிக் கொடுவா பிடிக்கின்றனர். சாண் அளவும் அதற்கு மேலும் நீளமுள்ள மென்மையான போலி மீன் அது. தொலைவில் எறிந்து உருளையைச் சுற்றினால் உயிருள்ளதுபோல் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தி வரும். ரப்பர் என்று நாம் சொல்லுகிறோமேயன்றி, பெரும்பாலும் அது பி.வி.சி. எனும் பிளாஸ்டிக்கில் மென்மையூட்டும் எண்ணெயைக் கலந்து, காய்ச்சி, அச்சில் வார்த்த பண்டமே ஆகும்.

சிறிய ரப்பர் மீன்கள் தொல்லை தருவது குறைவு. பெரியவற்றுள் சில, இழுக்கும்போது ஒருபுறம் சாய்ந்து, மல்லாந்து, பம்பரம்போற் சுழன்றுகொண்டே வருகின்றன. கொடுத்த காசு வீணாயிற்று என்று அவற்றைக் குப்பையில் எறிந்துவிடும் அன்பர்கள் உளர். எறியத் தேவையில்லை. அரை மணி நேரப் பொறுமை இருந்தால் அவற்றுள் பெரும்பாலானவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.

காசைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்று இதில் உண்டு. போலி மீன் ஒருமுறை முழுதாய்ப் புரண்டால் தூண்டில் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும். நூறு முறை வீசி இழுத்தபின் நரம்பு எந்நிலையில் இருக்கும் என்பதைச் சொல்லவேண்டா. சுருண்டு, முடிச்சு விழுந்து, முடிச்சு விழுந்த இடத்தில் வலு குன்றிவிடுகிறது. அவ்வேளையில் பெரிய கொடுவா ஒன்று பற்றி இழுக்குமாயின் நரம்பு அறுந்துபோகும். வாயில் முள்ளோடும் பிளாஸ்டிக்கோடும் மீன் ஓடிவிடும். கொடுவா இளமையில் ஆணாக இருந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் இயல்பினது. ஆகவே மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய எல்லாமே முட்டையிடும் தாய்மீன்கள். குவீன்ஸ்லாந்தில் கடலிலும் ஆற்றிலும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கொடுவாவை விட்டுவிட வேண்டும் என்று விதி வகுத்திருப்பது இதனாலேயே. பெரிய ரப்பர் மீனைக் கட்டுபவர் நாடுவதும் அத்தகைய மீனைத்தான். விட்டுவிடுவதற்கேனும் அதனைக் கரை சேர்த்தல் வேண்டுமன்றோ?

இனிப் புரள்வதன் காரணத்தைக் காண்போம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை நம் வீடுகளில் அறியப்படாததன்று. அதன் அடிப்பாகம் கனமானது, மேற்பாகம் இலேசானது. எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நின்றுவிடும். நீருக்குள் போலி மீன் நிமிர்ந்து நிற்பதும் இதே முறையில்தான். எடை வயிற்றின் அடியிலும், மிதக்கும் தன்மை முதுகிலும் இருந்தால் அது நேரே நிற்கும். அகன்ற வால் ஆடும்போதெல்லாம் உடலை இருபுறமும் மாறி மாறித் தள்ளுகிறது. அத்தள்ளுதலைச் சமன்செய்து உடலை மீண்டும் நிமிர்த்துவது வயிற்றிலுள்ள அடிச்சுமையின் வேலை.

இங்கேதான் சூட்சுமம் உள்ளது. நீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். இழுக்கும் வேகத்தை இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்காகிவிடும். மும்மடங்காக்கினால் ஒன்பது மடங்கு. அடிச்சுமையோ எவ்வளவு விரைந்து இழுத்தாலும் அதே சுமைதான். ஆகையால் ஒவ்வொரு போலி மீனுக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதற்குட்பட்டு நீந்தும்; அதனைக் கடந்தால் கவிழும். கடையில் மீன் கெட்டதாக இருந்தது என்று குறைகூறுவோர் பலர், உண்மையில் அந்த எல்லையைக் கடந்து இழுப்பவரே. கொடுவாவுக்கு மெல்ல இழுப்பதே பெரும்பாலும் பயன் தருவது என்பதையும் இங்கே சொல்லிவைப்போம்.

மீனைத் திருத்துவதற்கு முன் நோய் இன்னதென்று அறிதல் வேண்டும். தெளிந்த, ஆழமற்ற நீரில் மூன்று முழ நரம்பு விட்டு, முதலில் மெதுவாகவும், பின்னர்ச் சிறிது சிறிதாக விரைந்தும் இழுத்துப் பார்க்க. மெதுவாக இழுக்கும்போதே எப்போதும் ஒரே பக்கம் சாய்கின்றதாயின், எங்கோ கோணல் இருக்கிறது. இருபுறமும் ஒத்து அசைந்து வந்து, வேகம் கூடியதும் திடீரெனக் கவிழ்கின்றதாயின், அடிச்சுமை போதவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஈயத்தைச் செருகிக்கொண்டே போவது வீண் வேலை. சிறிதளவு இருபுறமும் ஆடுவது குற்றமன்று என்பதையும் மறத்தலாகாது. வயிற்றின் வெண்மை மின்னி மறைவதைக் கண்டுதான் பெரிய மீன் பாய்கிறது.

கோணல் பெரும்பாலும் இரண்டு இடங்களிலேயே பிறக்கிறது. பெட்டியில் மடங்கிக் கிடந்த உடலோ வாலோ வளைந்துபோயிருக்கும். கொதிக்கவைத்து இறக்கிய நீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அமிழ்த்தி, எடுத்து நேராக நீட்டி, குளிர்ந்த நீரில் இட்டால் நேரான வடிவிலேயே உறைந்துவிடும். இதற்குச் சமையற் பாத்திரத்தைத் தொடவேண்டா. அந்த மென்மையூட்டும் எண்ணெய் உணவிற் சேரத்தக்கதன்று. இதற்கென ஒரு பழைய பாத்திரத்தை ஒதுக்கிவைத்துக்கொள்வது நல்லது. மற்றோர் இடம், முள் ஏறிய வழி. அச்சில் வார்த்த தையல்போன்ற கோடு முதுகின் நடுவில் ஓடும். முள் வெளிவரும் துளை அக்கோட்டினின்று ஒரு நெல்லளவு விலகினாலும் மீன் சாயும். முள்ளை உடலின்மீது வைத்து அளந்து, வெளிவரவேண்டிய இடத்தில் மையால் ஒரு புள்ளி இட்டுக்கொண்டு குத்தினால் இத்தொல்லை இல்லை.

அடிச்சுமை போதாதபோது, வயிற்றிடத்தில் எடை வார்த்த முள்ளை வாங்கிப் பூட்டுவது எளிய வழி. இல்லையேல் ஆணி வடிவிலுள்ள சிறு எடைகளை வயிற்றின் அடிப்பகுதியில், தலைக்குப் பின்னும் நடு உடலுக்கு முன்னுமாகச் செருகலாம். ஒருமுறைக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் மட்டும் கூட்டி, மீண்டும் நீரில் இட்டுப் பார்க்கவேண்டும். வாலருகே செருகினால் வாலாட்டம் செத்துவிடும். முதுகருகே செருகினால் தலையாட்டிப் பொம்மையைத் தலைகீழாக நிறுத்திய கதைதான். ஈயம் நீரினும் 11.3 மடங்கு கனமுள்ளது; டங்ஸ்டன் 19.3 மடங்கு. ஆகவே டங்ஸ்டனில் சிறிய துண்டே போதும். அதை வயிற்றின் அடியோரத்தில் ஒதுக்கிவைக்கவும் இயலும். விலைதான் மிகுதி. சிக்கனம் கருதி வீட்டடுப்பில் ஈயத்தை உருக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் அது கூடவே கூடாது. ஈயத்தின் புகையும் தூளும் அவர்தம் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்வன.

சுமையை மேலும் கூட்டினால் மீன் அடியில் மூழ்கிவிடும் என்ற நிலையில், முதுகில் சிறு கீறல் இட்டு, நீர் ஊறாத நுரைத்துண்டு ஒன்றை வைத்து ஒட்டிவிடலாம். கீழே எடை கூட்டுவதும் மேலே மிதப்புக் கூட்டுவதும் ஒரே பயனைத் தருவன. வால் தட்டின் ஓரத்தைக் கத்தரித்துச் சிறிதாக்குவது கடைசி வழி. பக்கத் தள்ளுதல் குறையும் என்பது மெய்யே. ஆனால் வெட்டியதை ஒட்டமுடியாது. இருபுறமும் சமமாக, தாளளவு தாளளவாகவே வெட்டவேண்டும். சுழல்வளையம் பூட்டினால் போதாதா என்று கேட்பார் உளர். அது முறுக்கைக் குறைக்கும், புரள்வதை நிறுத்தாது. மல்லாந்து வரும் மீனை நம்பி எந்தக் கொடுவாவும் ஏமாறுவதாகத் தெரியவில்லை.

முன்னரே முறுக்கேறிய நரம்பை எறிந்துவிடுதல் வேண்டா. முள்ளும் எடையும் கழற்றி, ஓடும் படகின் பின்னாலோ ஆற்று நீரோட்டத்திலோ வெறும் நரம்பை நீளவிட்டுச் சில நிமிடங்கள் கழித்துச் சுற்றினால் முறுக்கு அவிழ்ந்துவிடும். முடிச்சு விழுந்த பகுதியை மட்டும் அறுத்து நீக்கிவிடுக.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்க்கு ஒரு சொல். 1960 ஏப்ரல் முதல் நாள் செங்கற்பட்டு மாவட்டத்தினின்று பிரிந்து ஆந்திரத்தோடு சேர்ந்த நம் சத்தியவேடு, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அவ்வட்டாரத்து ஏரிகளில் பேர்பெற்றது விரால். தெலுங்கர் கொர்ரமீனு என்பர். பாசிக்கும் அல்லிக்கும் இடையே பதுங்கும் அம்மீனுக்குச் சாணளவு ரப்பர் மீன் ஏற்றதன்று. பாசியிற் சிக்காத சிறு ரப்பர்த் தவளையே தக்கது. கொடுவாவை நாடுவோர் ஆரணியாறு சென்றடையும் பழவேற்காட்டுப் பக்கம்தான் போகவேண்டும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கொடுவாக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து வெற்றி கண்டது. அது நம் கரையோரத்துக்குப் புதிய மீனன்று. ஆனால் பழவேற்காட்டு ஏரியில் பறவைகள் காப்பிடமாக அமைந்த பகுதிகள் உள்ளன. நம் பக்கத்து ஏரிகளிலோ மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். கரையில் உள்ளவரைக் கேட்டு இசைவு பெற்ற பின்னரே தூண்டிலை வீசுக.