ட்ரோன் பறப்புப் பதிவுகளைப் பிரித்தலும் இணைத்தலும்: ஒரு நோக்கு

ஆளில்லாச் சிறு விமானமாகிய ட்ரோன் பறக்குந்தோறும் தன் இயக்கத்தின் வரலாற்றைத் தானே எழுதிச் செல்கிறது. அதன் சாய்வு, உயரம், மின்கலத்தின் அழுத்தம், செய்மதி காட்டிய இடம், இயக்குபவர் கொடுத்த கட்டளை ஆகிய யாவும் அதனுள்ளிருக்கும் எஸ்.டி. அட்டையிற் பதிவாகின்றன. விமானம் விழுந்து நொறுங்கியதும், பிழை இயந்திரத்தினதா, அதனைக் கூலிக்கு இயக்கிய தொழிலாளியினதா என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடைகூறவல்ல சாட்சி பெரும்பாலும் இப்பதிவுக் கோப்பேயாகும். கோப்பு மிகப் பெரிதாயின் அதனைத் துண்டாக்கியோ, பல கோப்புகளை ஒன்றாக்கியோ ஆராய்தல் தவிர்க்கவியலாததாகிறது. இதனை எழுதுவினைஞர் ஒருவரின் இயந்திரகதியான வேலையாகக் கருதுவோர் உளர். ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை வெட்டி ஒட்டும் வேலை அத்துணை எளிதாக இருத்தல் இயலுமா என்பதே எமது ஐயம். மூலநிரலும் பதிவின் அமைப்பும் பகிரங்கமாகவுள்ள ஆர்டுபைலற் என்னும் கட்டுப்பாட்டு மென்பொருளை முதன்மை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

பருமன் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். கொப்டர் வகை விமானங்களில் ஆர்டுபைலற்றின் பிரதான சுற்று செக்கனுக்கு 400 தடவை இயங்குகிறது. சாய்வு விபரத்தை அதே வேகத்தில் எழுதுமாறு பணித்தால், ஒரு மணித்தியாலத்தில் அவ்வொரு வகைச் செய்தி மாத்திரமே 14 இலட்சத்து 40 ஆயிரம் தடவை எழுதப்படும். இத்தகைய வகைகள் பல. மோட்டார்கள் நிறுத்தப்படுந்தோறும் கோப்பினை முடித்து, அடுத்த பறப்புக்குப் புதியதொன்றைத் தொடங்கும் வசதியும் ஆர்டுபைலற்றில் உண்டு. அதனை முற்கூட்டியே இயக்கி வைப்பின் பின்னர் வெட்டவேண்டிய தேவை பெரிதும் குறையும்.

இனி, பதிவின் உள்ளமைப்பு. ஒவ்வொரு செய்தியும் 163, 149 என்னும் பெறுமானங்களையுடைய இரு பைற்களுடன் தொடங்குகிறது. மூன்றாவது பைற் அச்செய்தியின் வகையெண்ணாகும். அவ்வெண்ணின் பொருள் யாது, செய்தியின் நீளம் எவ்வளவு, அதிலுள்ள புலங்களின் பெயர்கள் எவை என்பனவற்றை எஃப்.எம்.டி. எனப்படும் 89 பைற் நீளமுடைய வரையறைச் செய்திகள் தெரிவிக்கின்றன. இவை பெரும்பாலும் கோப்பின் தலைப்பகுதியில் அமைந்தவை. விமானத்தின் அமைப்புப் பெறுமானங்களும் அப்பகுதியிலேயே இடம்பெறுகின்றன. எனவே, பருமனை மாத்திரம் கருத்திற்கொண்டு கோப்பினை இரண்டாக வெட்டுபவர் கையில் எஞ்சும் பின்பாதி, வாசிக்கவொண்ணாத எண்களின் குவியலே. முதலேடு சிதைந்த சுவடியில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் மறைந்துபோவதைப் பதிப்பாசிரியர் அறிவர். இங்கு மறைவது மொழியே.

ஆகவே, ஒவ்வொரு துண்டின் தலையிலும் வரையறைச் செய்திகளையும் அமைப்புப் பெறுமானங்களையும் முழுமையாகப் படியெடுத்து வைத்தல் வேண்டும். வெட்டும் இடம் ஒரு செய்தி முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையாக இருத்தல் வேண்டும். 163, 149 என்னும் இணையைத் தேடிக் கண்டுபிடிப்பதால் மாத்திரம் அவ்வெல்லை உறுதியாகாது; தரவின் நடுவிலும் அவ்விணை தற்செயலாக வரக்கூடும். வகையெண் குறிக்கும் நீளத்தைக் கூட்டிப் பார்த்து, அங்கு அடுத்த செய்தி முறையாகத் தொடங்குகிறதா என்று சோதித்த பின்னரே வெட்டலாம்.

எனினும் எங்கே வெட்டுவது என்பது நுட்பப் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. விழுவதற்கு முந்திய பத்துச் செக்கன்களை மாத்திரம் பிரித்தெடுத்து நோக்கின், கட்டுப்பாட்டுப் பிடியை ஒருவர் பதற்றத்துடன் அசைப்பதே முனைப்பாகத் தெரியும். அதற்கு முந்திய நிமிடங்களில் அதிர்வு படிப்படியாக உயர்ந்திருக்கலாம். மின்கலத்தின் அழுத்தம் தாழ்ந்திருக்கலாம். பதிவில் விரும்பிய சாய்வும் உண்மைச் சாய்வும் தனித்தனிப் புலங்களாக உள்ளன. இரண்டும் திடீரென விலகிச் செல்ல, ஒரு மோட்டாருக்குச் செல்லும் கட்டளை மட்டும் உச்சத்தைத் தொட்டு நிற்குமாயின், அம்மோட்டாரோ அதன் சுழலியோ செயலிழந்தது என்று ஐயுறுவதற்கு வலுவான காரணம் உண்டு. இயக்கியவரின் கட்டளையை வைத்துக்கொண்டு மோட்டார்க் கட்டளையை நீக்கிய ஒரு துண்டு, பொய்யான ஓர் எண்ணையும் சேர்க்காமலேயே தொழிலாளியைக் குற்றவாளியாக்கிவிடும். பி.எக்ஸ்.4 என்னும் மற்றொரு திறந்த மென்பொருளின் யூலொக் அமைப்பு, எழுதுகையில் தரவு தவறிப்போன காலத்தையும் மில்லிசெக்கனில் ஒரு செய்தியாகக் குறித்து வைக்கிறது. தன் மௌனத்தையும் அறிவிக்கும் இந்நேர்மையைப் பதிவினைப் பிரிப்போரிடமும் நாம் எதிர்பார்க்கலாம்.

இணைத்தலிலே சிக்கல் கூடுதலானது. அது காலம் பற்றியது. ஆர்டுபைலற் பதிவில் ஒவ்வொரு செய்தியும் தாங்கிவரும் நேரம், கட்டுப்பாட்டுக் கருவிக்கு மின்னூட்டிய கணத்திலிருந்து எண்ணப்படும் மைக்ரோசெக்கன்களாகும். மின்னை நிறுத்தி மீண்டும் தொடக்கினால் எண்ணிக்கையும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். காலையிலும் மாலையிலும் பறந்த இரு பறப்புகளை அப்படியே ஒட்டினால் காலம் நடுவிற் பின்னோக்கிப் பாயும். இரு பறப்புகளுக்கிடையே மென்பொருளின் பதிப்பு மாறியிருப்பின், ஒரே வகையெண் இரு வேறு பொருளைக் குறிக்கவும் இடமுண்டு. மாறாக, தரையிலுள்ள கணினி வானொலி வழியாகப் பெற்று எழுதும் தொலையளவைப் பதிவில், ஒவ்வொரு பொதிக்கும் முன்னால் 1970 ஜனவரி 1 தொடக்கம் எண்ணப்பட்ட நேரம் 8 பைற்களில் எழுதப்பட்டிருக்கும். இவ்வகைக் கோப்புகளை இணைத்தல் ஒப்பீட்டளவில் இலகுவானது.

விமானத்தின் பதிவையும் தரைப் பதிவையும் ஒன்றோடொன்று பொருத்தவேண்டின், முன்னதிலுள்ள ஜி.பி.எஸ். செய்தியின் கிழமை எண்ணையும் கிழமைக்குள்ளான மில்லிசெக்கனையும் கொண்டு உண்மை நேரத்தைக் கணித்தல் வேண்டும். ஜி.பி.எஸ். காலம் 1980 ஜனவரி 6 முதல் எண்ணப்படுவது. இடையிற் சேர்க்கப்பட்ட பாய்ச்சற் செக்கன்களை அது ஏற்பதில்லை. 2017 ஜனவரி 1 முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 செக்கன் முந்தியுள்ளது. செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்திற் பறக்கும் விமானம் அந்த 18 செக்கனில் 180 மீற்றர் சென்றுவிடும். இவ்வேறுபாட்டைக் கழிக்காது இணைத்த பதிவில் கட்டளைக்கு முன்னரே விளைவு தோன்றும். காரணகாரியத் தொடர்பே தலைகீழாகும். தரைக் கணினியின் கடிகாரம் பிசகியிருப்பின் அதனையும் வேறாகத் திருத்தல் வேண்டும்.

இவ்வளவும் செய்யக்கூடியதாயிருப்பதற்குக் காரணம் அமைப்பு திறந்ததாயிருப்பதே. டி.ஜே.ஐ. நிறுவனத்தின் கைப்பேசிச் செயலி எழுதும் பறப்புப் பதிவுகளோ 13ஆம் பதிப்பு முதற்கொண்டு மறையாக்கம் செய்யப்பட்டவை. அவற்றைத் திறக்கும் திறவுகோலை அந்நிறுவனத்தின் சேவையகத்திலிருந்தே பெறுதல் வேண்டும். தரவின் பாதுகாப்புக்கு மறையாக்கம் உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் விமானத்தை விலைகொடுத்து வாங்கியவரும் அதனை இயக்கியவரும் தம் உழைப்பின் பதிவை வாசிக்க உற்பத்தியாளனின் அனுமதியை நாடி நிற்கும் நிலை, உற்பத்திக் கருவியின் மீதான கட்டுப்பாடு யாரிடம் உள்ளது என்ற பழைய வினாவைப் புதிய வடிவில் எழுப்புகிறது.

விபத்தினை விசாரிப்போர் மூலக் கோப்பினைத் தொடாது பேணி, அதன் எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்பெண்ணைக் குறித்துவைத்துப் படியிலேயே வேலை செய்தல் வேண்டும். எந்தப் பைற்றிலிருந்து எந்தப் பைற்வரை வெட்டப்பட்டது, எவ்வகைச் செய்திகள் நீக்கப்பட்டன, நேரம் எத்துணை செக்கன் நகர்த்தப்பட்டது என்னும் குறிப்பு ஒவ்வொரு துண்டுடனும் செல்லவேண்டும். அக்குறிப்பும் மூலத்தின் முழுப்படியும், விசாரணை தொடங்குமுன்னரே, விமானத்தை இயக்கிய தொழிலாளியின் கையிலும் இருத்தல் வேண்டும்.