விலை ஏறும்போது வேலையும் போனால்: ஜகாத் என்ன செய்ய வேண்டும்?

2023 மார்ச் 31. ரமலான் மாதம். கராச்சியின் தொழிற்பேட்டை ஒன்றில் ஓர் ஆலை ஏழைகளுக்கு உதவி வழங்கியபோது, நெரிசலில் குறைந்தது 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அதே ஆண்டு மே மாதம் பாகிஸ்தானின் பணவீக்கம் 38 விழுக்காட்டைத் தொட்டது. டாலர் தட்டுப்பாட்டால் இறக்குமதி முடங்கி, மூலப்பொருள் இல்லாத ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. வேலை போனவர் சேமிப்பை வைத்துச் சில மாதம் ஓட்டலாம். ஆனால் அந்தச் சேமிப்பின் மதிப்பையே விலைவாசி தின்றுவிட்டது. விலையை அடக்க மத்திய வங்கி வட்டியை 22 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. அந்த வட்டிக்குக் கடன் வாங்கி எந்தச் சிறு பட்டறை ஆள் சேர்க்கும்? வட்டியை இஸ்லாம் விலக்குவதன் நியாயம் இங்கே கண்கூடு.

விலைவாசி ஏழையை நசுக்கும் இந்த நோயை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறிந்தவர் அல் மக்ரீஸி. கெய்ரோவில் சந்தைக் கண்காணிப்பாளராக இருந்த வரலாற்றாசிரியர். எகிப்தின் பஞ்சத்துக்கு நைல் வற்றியதை மட்டும் அவர் காரணம் சொல்லவில்லை. ஊழலையும், அளவின்றி அச்சடித்த செப்புக் காசையும் குற்றம் சாட்டினார். தங்கம், வெள்ளியில் கணக்கிட்டால் விலை அதிகம் ஏறவில்லை என்பது அவர் வாதம். செப்புக் காசில் நிலையான சம்பளம் வாங்கியவர்தான் நசுங்கினார்.

வசதியுள்ள முஸ்லிம் ஏழைகளுக்குத் தர வேண்டிய கட்டாயக் கொடையான ஜகாத்துக்கும் வெள்ளி ஓர் அளவுகோல். பாகிஸ்தானில் 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரமலான் முதல் நாளில் சேமிப்புக் கணக்குகளிலிருந்து 2.5 விழுக்காடு பிடிக்கிறார்கள். 612.32 கிராம் வெள்ளியின் விலைதான் வரம்பு; இருப்பு அதற்குக் குறைந்தால் பிடித்தம் இல்லை. 2023இல் 1,03,159 ரூபாயாக இருந்த அது, 2024இல் 1,35,179 ஆனது. கொடுப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. வாங்குபவருக்கு? உதவித்தொகை ரூபாயில் நிற்கிறது. 38 விழுக்காடு பணவீக்கத்தில் 1,000 ரூபாய் வாங்குவது, முந்தைய ஆண்டு 725 ரூபாய்க்குக் கிடைத்ததைத்தான். ஏழையின் பங்கையும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்தாவிட்டால் அது பெரிய அநீதி.

அதைவிட முக்கியம், எதைக் கொடுப்பது என்பது. உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரின் விரிப்பையும் கோப்பையையும் நபிகள் நாயகம் இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒன்றுக்கு வீட்டுக்கு உணவு, மற்றதற்குக் கோடரி. விறகு வெட்டப் போன அவர் பத்து திர்ஹத்துடன் திரும்பினார் என்கிறது அபூதாவூத் தொகுப்பிலுள்ள ஹதீஸ்.

தமிழ் முஸ்லிம்களில் பலர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் (சட்ட மரபின்) இமாம் நவவியும், தொழில் தெரிந்த ஏழைக்குக் கருவியையும் வியாபாரிக்கு முதலையும் ஜகாத்திலிருந்து கொடுக்கச் சொல்கிறார். ஜமாஅத்துகள் வரும் ரமலானிலேயே இதைத் தொடங்கலாம்: அரிசிப் பைக்கு ஒரு பங்கு, தையல் இயந்திரத்துக்கு ஒரு பங்கு.